மோர்சிங்கோடு சிவகாசி இசைவிழாவுக்குப் போய் வந்தது

இந்த வருஷம் தீபாவளி கழிந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நானும் என் மூத்த மகள் வெயிலாச்சியும் சிவகாசி இசைவிழாவுக்குப் போய்வந்தோம். அடுத்த வருஷம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்திருக்கிறேன். எங்கள் தெருவில் மற்றவர்கள் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அந்தக் கணக்கில் நான்தான் எழுத்தாளன்.

வெளியூர் வாசகர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இது கோயில் கச்சேரி இல்லை, சபாக் கச்சேரியும் இல்லை. லேபிள் அச்சகங்களிலும் தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ்களிலும் வேலை செய்கிறவர்கள் தாங்களே கூடி நடத்துகிற விழா. (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி, மேஜை இருக்கும் என்று நினைத்து வேலைக்கு வந்துவிடாதீர்கள்.) எந்தக் கம்பெனியின் விளம்பர வளைவும் கிடையாது, தலைமையுரை கிடையாது, பொன்னாடை கிடையாது. டிக்கெட்டும் கிடையாது. தீபாவளி முடிந்து பட்டாசு வேலை ஓய்ந்திருக்கிற நாட்களில் இரண்டு நாள் நடக்கும். பெரிய வித்வானாக இருந்தாலும், முதல் தடவை மேடை ஏறுகிறவராக இருந்தாலும் ஒரே மாதிரி மர நாற்காலி, ஒரே மாதிரி வழிச்செலவு.

நாங்கள் போனது சும்மா கேட்டுவிட்டு வர அல்ல. வெயிலாச்சிக்குப் பதினேழு வயசு. மோர்சிங் வாசிப்பாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்பு வளையம், நடுவில் மெல்லிய நாக்கு. பல்லில் வைத்துக்கொண்டு விரலால் தட்டினால் தாளம் பேசும். என் மச்சினன் கொழும்புக்குப் போனபோது அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. மதுரையில் பாகீரதி அம்மாள் என்பவர் பெண்களை மட்டும் வைத்து ஒரு கச்சேரிக் குழு நடத்துகிறார். அந்தக் குழுவில் மோர்சிங் வாசித்த பெண் கல்யாணமாகிப் பம்பாய் போய்விட்டாள். யாரோ சொல்லி, என் மகளுக்கு அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. “சிவகாசி விழாவுக்கு வருகிறேன். ஞாயிறு மாலை நாலு மணிக்கு வாசிக்கட்டும். கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஐந்து மணி பஸ்ஸில் நான் கிளம்ப வேண்டும்.” அவ்வளவுதான் கார்டு.

இன்னொரு பக்கம், என் வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீஸ் கங்காணியிடம் சொல்லிவைத்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் வெயிலாச்சி தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போக வேண்டும். வீட்டுக்காரியைக் குறை சொல்ல முடியாது. பட்டாசு வேலை நின்றால் என் கையும் நின்றுவிடும். வீட்டில் ஐந்து வாய். ஆக, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிதான் என் மகளுக்கு இருந்த ஒரே வாசல்.

வெயிலாச்சி விருதுநகரில் என் தங்கச்சி வீட்டில் தங்கி வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் வாசித்தால் அக்கம்பக்கத்துக் கோழிகள் கோபித்துக்கொள்கின்றன. ஆகவே நான் விருதுநகர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு சிவகாசி போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டாள்:

“பிள்ளையக் கூட்டிட்டுப் போயி, கூட்டிட்டு வந்துருவீகளா? இல்ல, பிள்ளைதான் ஒங்களைக் கூட்டிட்டு வரணுமா?”

“நான் பொறுப்பான ஆளு” என்றேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் சின்னப் பிள்ளைகளோடு தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பியதால், சாவியும் என் கையில் வந்தது.

காலை ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கம். பஸ் நிற்கும் விலக்குக்கு இரண்டு மைல் நடை. சாத்தூருக்கு பஸ் கட்டணம் இருபது நயாபைசா. சாத்தூரில் அரை ராத்தல் காராச்சேவு வாங்கினேன். அது வழியிலேயே தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் பொட்டலத்தை இரண்டு நூல் போட்டுக் கட்டச் சொன்னேன். சாத்தூரிலிருந்து விருதுநகர் பதினேழு மைல், அறுபது நயாபைசா, ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம். நயாபைசா வந்து சில வருஷம் ஆகியும், கண்டக்டர் எனக்கு மட்டும் “பத்தணாவுக்குக் கொஞ்சம் கொறச்சல் அண்ணாச்சி” என்று பழைய கணக்கில் சொல்லிப் புரியவைத்தார். என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ.

தங்கச்சி வீட்டில் இட்லி. வெயிலாச்சி எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, பச்சைச் சேலையில் தயாராக நின்றாள். ஒன்பதே காலுக்கு சிவகாசி பஸ் பிடித்தோம். ஆளுக்கு அறுபத்திரண்டு நயாபைசா. முன் சீட்டு கிடைத்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டார்: “என்ன தாயி, விழாவுக்குப் பாடப் போறீகளோ?”

“பாட இல்லண்ணே, மோர்சிங்.”

“அதென்னது, கொஞ்சம் காட்டு.”

அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். ஆமத்தூரில் கோழிக் கூடையோடு ஏறிய அம்மா, பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “வண்டு ஒண்ணு தாளம் படிச்சுட்டு வந்த மாதிரியில்ல இருக்கு!” என்றாள். பஸ்ஸே சிரித்தது. வெயிலாச்சியும் சிரித்தாள், ஆனால் கை வேர்த்துவிட்டது. வேர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று மோர்சிங்கை மஞ்சள் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

“அய்யா, நீங்களே வச்சுக்கிடுங்க.”

வாங்கி என் வேட்டி மடியில் வைத்துச் செருகினேன். அதே மடியில் பீடிக்கட்டு, தீப்பெட்டி, பாக்குவெட்டி, வீட்டுச் சாவி. “பாங்கியில வச்சாக்கூடக் களவு போகும். என் மடியில போகாது” என்று வேறு சொன்னேன்.

பத்தரைக்கு சிவகாசி. பஸ் நிலையத்திலிருந்து விழா நடக்கும் இடம் பத்து நிமிஷ நடை. ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸின் காயப்போடும் முற்றம் அது. சுற்றிலும் மதில், ஒரு இரும்புக் கதவு, உள்ளே தார்ப்பாய்ப் பந்தல். கதவோரம் ஒரு ஸ்டூல் மேல் பெரிய எண்ணெய் டின். அதில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டியிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மெல்லிசைக் குழு வாசிக்கும். எந்தப் பாட்டு வேண்டும் என்று சீட்டில் எழுதி அந்த டின்னுக்குள் போட வேண்டும். சீட்டும் பென்சிலும் கொடுக்கிற ஆள் பக்கத்தில் நின்று, வேறு யாருக்கோ பாட்டின் பெயரை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டாசு ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் ஒரு பெட்டியோடு நிற்பார். பீடி, தீப்பெட்டி, இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது. உரசினால் பொறி பறக்கும். பொறி பறந்தால் நாங்களும் பறப்போம். ஆகவே வாசலில் மடியை அவிழ்த்துப் பெட்டியில் கொட்டிவிட்டு, இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். தடவிப் பார்த்து அனுப்புவார்கள். வேலை முடிந்து திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். நான் பதினைந்து வருஷமாகச் சரம் பின்னுகிறவன். காலையில் மதில், இரும்புக் கதவு, கதவோரம் பெட்டி, பக்கத்தில் ஒரு ஆள் என்று பார்த்தால் என் கை என்னைக் கேட்காது.

மடியை அவிழ்த்தேன். இருந்ததை ஒவ்வொன்றாக டின்னுக்குள் போட்டேன். இரண்டு கையையும் தூக்கினேன். சீட்டுக் கொடுக்கிறவர் திரும்பிப் பார்த்து, நான் கும்பிடுவதாக நினைத்து, “வணக்கம் அண்ணாச்சி, உள்ள வாங்க” என்றார். உள்ளே போனேன். வெயிலாச்சி முன்னால் நடந்து பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

படிக்கிற நீங்கள் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அந்த அறிவு பிற்பகல் மூன்றரை மணிக்குத்தான் வந்தது. நடுவில் ஒரு பீடி ஞாபகம்கூட வரவில்லையா என்று கேட்கலாம். வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனால் வெளியே வரும்வரை எங்களுக்குப் பீடி ஞாபகமே வராது. உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

விழாவின் செயலாளர் தங்கவேல், ஒரு லேபிள் அச்சகத்தில் போர்மேன். எங்களைக் கண்டதும் வந்து, வெயிலாச்சியின் கையில் ஒரு கட்டு லேபிள் கொடுத்தார். பொன்னாடைக்குப் பதிலாக ஒவ்வொரு கலைஞருக்கும் அவர் பெயர் போட்டு, தீப்பெட்டி லேபிள் மாதிரியே மூன்று கலரில் நூறு லேபிள் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாக, ‘வெயிலாச்சி, மோர்சிங்’ என்று அச்சில் பார்த்ததும் நான் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். படம் வரைந்தவர் மோர்சிங்கைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பூட்டு மாதிரி ஒன்றை வரைந்திருந்தார். “பரவால்லண்ணே, நல்ல பூட்டா இருக்கு” என்றாள் என் மகள்.

நாங்கள் போய் உட்கார்ந்தபோது கழுகுமலைப் பக்கத்து அண்ணன் தம்பி இருவர் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கரகரப்பிரியா என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கு ராகம் தெரியாது. முதுகில் தண்ணீர் ஊற்றினது மாதிரி இருந்தது, அது தெரியும். அடுத்து அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற ஒரு கட்டிங் மிஷின்காரர் கிளாரினெட் வாசித்தார். வலது கையில் ஒரு விரல் பாதிதான். அந்த விரலுக்கு எட்டாத ஓட்டையை மூட அவராகவே ஒரு தகட்டுக் கட்டை செய்து வைத்திருக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் சுரம் பிசகியதும் நிறுத்தி, “மன்னிக்கணும், மறுபடி வாறேன்” என்று மைக்கிலேயே சொல்லி, அந்த வரியைத் திரும்ப வாசித்தார். அப்படி ஒரு கச்சேரியை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டே காலுக்குத் தப்பு. எங்கள் சனம் அடிக்கிற தப்புதான். ஊர்த் திருவிழாவில் எங்களைத் தெருமுனையோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே மேடையில் அதே மர நாற்காலி. எட்டுப் பேரும் முதலில் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு, நின்றபடியே ஆரம்பித்தார்கள். நாகஸ்வரக்காரர்களில் மூத்தவர் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும் எழுந்து போய் அவர்கள் தப்பை வாங்கி, “தோலு எங்க வாங்குறீக? கட்டு பிரமாதமா இருக்கே” என்று விசாரித்தார். நான் கண்ணில் தூசி விழுந்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயிலாச்சி அதைப் பார்த்துவிட்டாள்.

சாப்பாடு மதிலுக்கு வெளியே ஒரு கடையில், ஆளுக்கு அறுபது நயாபைசா. குழம்பு நன்றாக இருந்தது, மோர் தண்ணீராக இருந்தது. அந்தக் கடைக்குப் போக பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாகப் போனோம். முன்வாசல் வழியாகப் போயிருந்தால் கை டின்னைத் தேடியிருக்கும். இரண்டு மணிக்குப் பாகீரதி அம்மாளின் குழு. ஐம்பது வயசிருக்கும், ஒல்லி, வெள்ளைப் புடவை. பாடினால் கூரைத் தார்ப்பாய் அதிர்கிறது. வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் பெண்கள். மோர்சிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. வெயிலாச்சி கச்சேரி முழுவதும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு வில்லுப்பாட்டு ஆரம்பித்தது. அரை மணி ஆனதும் வெயிலாச்சி என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

“குடுங்க அய்யா.”

“என்னத்த?”

“ஏன், மோர்சிங்கத்தான்.”

மடியைத் தொட்டேன். தட்டையாக இருந்தது. அப்போதுதான் வாசல், டின், தூக்கிய கை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு பாகீரதி அம்மாள் இருந்த பக்கம் பார்த்தாள். அந்த அம்மாள் முதல் வரிசையில், மடியில் பையோடு, நாலு மணிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

டின் இப்போது வாசலில் இல்லை. மேடை ஓரத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். சீட்டுப் போடுகிறவர்கள் அங்கே வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். மூடியைச் சுற்றிலும் லேபிள் காகிதம் ஒட்டி முத்திரை. தங்கவேலிடம் ஓடினேன்.

“டின்ன மட்டும் தொறக்கச் சொல்லாதீக அண்ணாச்சி” என்றார் முழுக் கதையையும் கேட்டுவிட்டு. “போன வருசம் கமிட்டிக்காரங்க வேண்டாத சீட்டக் கழிச்சுட்டாங்கன்னு ஒரே அடிதடி. இந்த வருசம் நான்தான் மைக்குல நின்னு வாக்குக் குடுத்தேன். ஆறு மணிக்கு முந்தி எவனும் தொறக்க மாட்டான், கை விட மாட்டான்னு. நான் தொறந்தா அடுத்த வருசம் விழா கிடையாது.”

“ஆறு மணிக்குத் தொறந்தா என் மகளுக்கு என்ன பிரயோசனம்? அஞ்சு மணிக்கு அந்தம்மா போயிருவாங்களே.”

“வேற ஒண்ணு எங்கயாச்சும் கெடைக்குமான்னு பாக்கேன்.”

ஆளை விட்டு விசாரித்தார். ஊரில் வேறு மோர்சிங் இல்லை. வில்லுப்பாட்டு முடிந்துகொண்டிருந்தது. மணி நாலுக்கு ஐந்து நிமிஷம். நான் செய்யக் கூடாத இரண்டாவது காரியத்தையும் செய்தேன். மேடை ஓரம் போய், மூன்று விரலை டின் வாய்க்குள் விட்டேன். தகட்டு விளிம்பு விரலைக் கீறி ரத்தம் வந்தது. சாமானும் எட்டவில்லை. பந்தலில் ஒருவன் எழுந்து நின்றான்.

“ஏலே, எவன்லே டின்னுக்குள்ள கை விடுறது? சீட்டத் திருடுறான்லே!”

“பிடிங்கலே அவன!”

வாழ்நாளில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன்; பாட்டுத் திருடன் என்று பெயர் வாங்கியது அன்றைக்குத்தான். நாலைந்து பேர் மேடையை நோக்கி வந்துவிட்டார்கள். அப்போது வெயிலாச்சி நேராக மைக்குக்குப் போனாள். அவள் மைக்கில் பேசியதே இல்லை. வாயைக் கொண்டுபோய் மைக்கோடு ஒட்டிவைத்ததால் குரல் இடி மாதிரி விழுந்தது.

“அது எங்க அய்யா. திருடல. பட்டாசு ஆபீஸ்ல பதினஞ்சு வருசமாச் சரம் பின்னுறாரு. இங்கன வாசல்ல மதிலையும் டின்னையும் பாத்ததும் ஆபீஸ்னு நெனச்சு, மடியில இருந்த அம்புட்டையும் அதுக்குள்ள கொட்டிட்டாரு. என் மோர்சிங்கும் அதுலதான் கெடக்கு. எனக்கு நாலு மணிக்கு வாசிக்கணும்.”

எதிரே உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப் பேரின் கை தானாகத் தங்கள் இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம்தான் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பா அது! என்னைப் பிடிக்க வந்தவன் அங்கேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு அம்மா கத்தினாள்: “எங்க வீட்டுக்காரரு என் தங்கச்சி கல்யாணத்துல மண்டப வாசல்ல ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னாரு! சந்தனம் பூச வந்த ஆளு பயந்துட்டாரு!”

“டவுன் ஆசுபத்திரியில நானும் நின்னேன்லே” என்று ஒருவர் எழுந்தே ஒப்புக்கொண்டார். “டாக்டரு, கைய எறக்குங்க, நான் ஊசிதான் போடப் போறேன்னாரு.”

மைக் செட்காரர், வில்லாபுரத்து ஆள், பீப்பாய் மாதிரி உடம்பு, அதுவரை தன் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கையைத் தூக்கினார். “மோர்சிங் இரும்புதானே? டின்னத் தொறக்கவும் வேண்டாம், கை விடவும் வேண்டாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு வச்சிருக்கேன். கயித்துல கட்டி எறக்குவோம். சீட்டுல காந்தம் ஒட்டாது.”

தங்கவேலின் முகம் மலர்ந்தது. ஆனாலும் அவர் போர்மேன் அல்லவா; கூட்டத்தைக் கேட்காமல் செய்யவில்லை. மைக்கில் நின்று, “முத்திரை அப்படியே இருக்கும். காந்தம் மட்டும் உள்ள போகும். சம்மதமா?” என்றார். “சம்மதம்!” என்று பந்தல் முழங்கியது. ஆண்கள் பக்கம் இருவர், பெண்கள் பக்கம் இருவர் என்று சாட்சிக்கு மேடைக்கு வந்தார்கள்.

காந்தம் இறங்கியது. ‘டக்’ என்று சத்தம். மெதுவாக மேலே தூக்கினால் என் வீட்டுச் சாவி. கூட்டம் கைதட்டியது. மறுபடி இறக்கினால் பாக்குவெட்டி. வாய் விளிம்பில் மாட்டிக்கொண்டு அதை எடுக்க இரண்டு நிமிஷம். “அண்ணாச்சி, வீட்டுக் கட்டில் ஏதும் உள்ள போட்டிருக்கீகளா?” என்று ஒரு குரல். மணி நாலே கால். மூன்றாவது தடவை மஞ்சள் துணி மெல்ல எட்டிப் பார்த்தது. சாட்சிக்கு வந்த அம்மா அதை இரண்டு விரலால் பூப்பறிக்கிற மாதிரி எடுத்து வெயிலாச்சியின் கையில் வைத்தாள்.

துணியைப் பிரிக்கும்போதுதான் உண்மையான பயம் வந்தது. மோர்சிங்கின் நாக்கு மயிரிழை வளைந்தாலும் போச்சு. வெயிலாச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல்லில் வைத்து ஒரு தட்டு. குரல் சரியாக இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போட்டிருந்த சீட்டுகளின் மேல் அது மெத்தையில் விழுந்த மாதிரி விழுந்திருக்கிறது. யார் யாருக்கோ பிடித்த பாட்டுகள் என் மகளின் பிழைப்பைத் தாங்கிப் பிடித்தன. அந்தக் கையெழுத்துக்காரர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்தால், உங்களுக்கு நன்றி.

அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற ஒரு அண்ணன் மிருதங்கத்துக்கு உட்கார்ந்தார். நாலு இருபதுக்கு ஆரம்பித்தார்கள். முதலில் அவள் தாளம் ஒரு இடத்தில் முந்தியது. அந்த அண்ணன் தன் அடியைக் குறைத்து, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேள்வி மாதிரி ஒன்று தட்டினாள், மிருதங்கம் பதில் சொன்னது. கேள்வி சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு தட்டு. அதற்கு ஒரே ஒரு அடி. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் மடியில் விரலால் கட்டை அடுக்குகிற வேகத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைவிட வேகமாக எந்தத் தாளமும் போகாது என்று நினைத்திருந்தேன். என் மகள் போனாள்.

நாலு நாற்பதுக்குப் பாகீரதி அம்மாளின் குழுப் பெண்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு பந்தல் ஓரத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் தன் மடியிலிருந்த பையை எடுத்து அவளிடம் கொடுத்து, நீங்கள் முன்னால் போங்கள் என்று கையை ஆட்டினார். நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். வெயிலாச்சியோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“அவ தாய்மாமன் கொஞ்சம். அவரு கொழும்பு போயிட்டாரு. மிச்சம் அவளாத் தட்டிப் பாத்துக்கிட்டதும்மா.”

“தெரியுது. ஆறு இடத்தில் தப்பு. ஆனால் அந்த ஆறும் அவள் சொந்தத் தப்பு, யாரையும் பார்த்துச் செய்ததில்லை. வாரம் இரண்டு நாள் மதுரைக்கு வரணும். மார்கழி முழுக்கக் கச்சேரி இருக்கு. உங்க வீட்டில் அனுப்புவீங்களா?”

“வீட்ல நாளைக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல சேக்கணும்னு சொல்லி வச்சிருக்கும்மா” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“இன்னைக்கு நான் பாத்த வேலைக்கு எனக்கு இதுல பேச வாயே இல்ல. அவளக் கேளுங்க.”

“அவளைக் கேட்டாச்சு. அப்பாவைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்கிறாள்.”

அந்த டின்னுக்குப் பிறகும் என்னைக் கேட்கிறாளே என்று நினைத்தேன். “அனுப்புதேன்மா” என்றேன்.

ஆறு மணிக்கு மெல்லிசைக் குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் டின்னின் முத்திரையைப் பிரித்தார். சீட்டுகளுக்கு நடுவில் என் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் கிடைத்தன. இரண்டையும் தூக்கிக் காட்டி, “இந்தப் பாட்டு எங்களுக்குப் பாடமில்லை” என்றார். மேடைக்குப் போய் வாங்கிக்கொண்டேன். அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் வீட்டுக்காரியிடம் சொன்னேன். நான் மறைத்தாலும் வெயிலாச்சி சொல்லியிருப்பாள். வீட்டுக்காரி கேட்டு முடித்துவிட்டு, வெகு நேரம் அந்த லேபிளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது அவளுக்கு. “இதுல எது இவ பேரு?” என்றாள். தொட்டுக் காட்டினேன். மறுநாள் காலை கங்காணியிடம் அவளே போனாள். வெயிலாச்சிக்குப் பதிலாகத் தான் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். இந்தப் பயணத்தில் நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தினால், காந்தக்காரர், தங்கவேல், மிருதங்க அண்ணன் எல்லாரும் அவளுக்கு அப்புறம்தான்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விவரம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் என்னைப் போல விருதுநகர் சுற்ற வேண்டாம்; சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு நேர் பஸ் உண்டு, ஐம்பது நயாபைசாவுக்குள் முடியும். விருதுநகர், காரியாபட்டிப் பக்கத்துக்காரர்கள் ஆமத்தூர் வழி பஸ்ஸில் இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் அடிக்கும். சனிக்கிழமையைவிட ஞாயிறு நல்லது. பத்து மணிக்குள் போனால் பந்தலுக்குள் இடம் கிடைக்கும். பிந்தினால் தார்ப்பாய்க்கு வெளியேதான். மழை பெய்தாலும் விழா நிற்காது, ஆகவே குடை கொண்டுபோங்கள். ஒரு ஆளுக்குப் போக வர பஸ், சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து மூன்று ரூபாய் போதும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை யாருக்காவது இருந்தால், ஐப்பசி முதல் வாரத்துக்குள் செயலாளருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். சிபாரிசு கேட்க மாட்டார்கள், சாதி கேட்க மாட்டார்கள். எத்தனை நிமிஷம் வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள்.

மதுரையிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல முடியும். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கிருந்து கிளம்புகிற பஸ், சாயங்காலம் ஆறு மணி வாக்கில் எங்கள் விலக்கில் நிற்கும். சில நாள் பத்து நிமிஷம் முந்தும், சில நாள் அரை மணி பிந்தும். டிரைவருக்குப் பின் சீட்டில் பெண் பிள்ளைகள் தைரியமாக உட்கார்ந்து வரலாம், கண்டக்டர் நல்ல மனுஷன். இந்த பஸ்ஸைப் பற்றி மட்டும் என்னைவிட நன்றாகச் சொல்ல யாரும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், அது வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்கிறேன்.